தம்பி டைப் அடித்த பயோடேட்டா

"நாப்பது பேரை எப்படிம்மா கட்டி மேய்ச்சீங்க?" என்று மேலாளர் கேட்டபோதுதான், உள்ளே வருமுன் பயோடேட்டாவை ஒருமுறை படித்திருக்கலாமே என்று அக்காவுக்கு உறைத்தது.

சரக்குக் கிடங்கில் பத்து வருஷம் மேற்பார்வை பார்த்தவள் அவள். அங்கே எல்லோருக்கும் அக்காதான். கிடங்கை இழுத்து மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. இந்த வேலையை வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாலு பேர்தான் சார். தம்பி டைப் அடிக்கும்போது ஒரு பூஜ்யம் கூட விழுந்திருச்சு."

"ஓஹோ. கடைசிச் சம்பளம் ஐம்பதாயிரம்னு இருக்கே, அதுல எத்தனை பூஜ்யத்தை எடுக்கணும்?"

"ஐயோ, பூஜ்யமெல்லாம் சரியா இருக்கு சார். முன்னாடி நிக்கிற அஞ்சுதான் தப்பு. அது மூணு."

"அதுவும் தானா விழுந்ததா?"

"இல்ல சார். கூடச் சொன்னாத்தான் கூடக் கிடைக்கும்னு தம்பி சொன்னான்."

"கெட்டிக்காரர். பேசாம அவரையே அனுப்பியிருக்கலாம்."

மேலாளர் தாளைத் திருப்பினார்.

"ரெண்டு வருஷமா சுயேச்சை ஆலோசகர். யாருக்கு ஆலோசனை சொன்னீங்க?"

ஏதாவது ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை.

"மாமியாருக்கு சார். இடுப்பெலும்பு ஒடிஞ்சு படுத்துட்டாங்க. இப்ப நடக்கறாங்க. ஆனா நான் சொன்ன ஒரு ஆலோசனையையும் கேட்டதில்ல."

மேலாளருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

அக்கா மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். பயோடேட்டாவைத் தன் பக்கம் இழுத்தாள். நாற்பதை அடித்தாள், ஐம்பதாயிரத்தை அடித்தாள், ஆலோசகரை அடித்தாள். மிச்சம் இருந்ததை அவர் முன்னால் தள்ளினாள்.

"இதுதான் சார் நான். நாலு ஆளை வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு முன்னூறு பெட்டி ஏத்தி அனுப்பினேன். முகவரி மாறிப்போச்சுன்னு ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்ல. இந்த வேலைக்கு ஐம்பதாயிரம் வேணும்."

"முப்பது வாங்கின ஆளுக்கு ஐம்பதா?"

"முப்பது அவங்க கொடுத்தது சார். ஐம்பது நான் கேக்கறது."

மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இதோ பாரும்மா. இது இருபது வருஷத்து நிறுவனம். இருநூறு பேர் வேலை செய்யறாங்க. இந்தக் கட்டடமே எங்க சொந்தம். இங்க எல்லாத்தையும்விட முக்கியம் நேர்மை. முதல் தாள்லயே மூணு பொய்யோட வந்த ஒருத்தரை நம்பி..."

கதவைத் தட்டாமலே கட்டடக் காவலாளி தலையை நீட்டினார்.

"சார், இந்த ரூமுக்கு நீங்க கட்டின ஒரு மணி நேர வாடகை முடிஞ்சுபோச்சு. வாசல்ல மாட்டின போர்டைக் கழட்டிக்கிறீங்களா? அடுத்த கம்பெனிக்காரர் அவர் போர்டோட நிக்கறாரு."