சந்தனம் பட்ட முகூர்த்தம்

அன்புமிக்க மைத்துனர் வாகீசன் அவர்களுக்கு,

செங்காங்கிலிருந்து அத்தான் விஸ்வலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா வள்ளிநாயகியும் சுகம். தெம்பனிஸில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். உங்கள் டிஸ்க் மட்டும் சுகமில்லை. இதை நேரில் வந்து சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். போனில் சொன்னால் அக்காவிடம் கொடுங்கள் என்பீர்கள். கடிதத்தில் இந்த இரண்டு தொந்தரவும் இல்லை. ஆகையால் முழுவதையும் படித்து முடித்த பிறகு கோபப்படவும்.

உங்கள் மகள் லக்ஷனாவின் கல்யாண வீடியோவும் படங்களும் அடங்கிய அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க்கை, முதலாம் ஆண்டு நிறைவு விருந்தில் திரையில் காட்டுவதற்குத் தொகுத்துத் தரும்படி என்னிடம் கொடுத்தீர்கள். கப்பல் கம்பெனியில் கோப்பு அறையைப் பார்த்துக்கொண்டவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகு குடும்பத்தின் கணினி இலாகாவும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. "மத்ததெல்லாம் வெட்டுங்க அத்தான், தாலி கட்டுறத மட்டும் முழுசாப் போடுங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே சரியாப் பாக்க முடியல," என்றீர்கள். படம் எடுத்தவர் தன்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டார் என்றும் சொன்னீர்கள். அதாவது, உலகத்தில் இருந்த ஒரே பிரதி என் மேசைமேல் கிடந்தது. அன்று நானும் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. கீழே பந்தியில் இலை போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி பூசையன்று டிஸ்க்கை மடிக்கணினியில் செருகி, எல்லாவற்றையும் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டுத் தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போனேன். தேக்காவில் அன்று எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வந்து பார்த்தால், மடிக்கணினி சுவாமி மேடையில் தேவாரப் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் டிஸ்க், அதன்மேல் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு, இரண்டையும் இணைத்த வயர் மட்டும் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. "வயரு அம்பாள் முகத்துக்குக் குறுக்கத் தொங்குச்சு, புடுங்கிட்டேன். லைட்டு வேற மினுக் மினுக்னு இருந்துச்சா, இப்ப பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு," என்றாள் உங்கள் அக்கா. டிஸ்க் வேலை செய்துகொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கக் கூடாது என்று விளக்கினேன். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கக் கையை நீட்டினேன். பூசையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது என்று அவள் எனக்கு விளக்கினாள். சரஸ்வதியும் நானும் அன்று முழுவதும் அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை தீபம் காட்டி முடித்து, குழந்தைக்கு ஏடு தொடக்கும் பயபக்தியோடு டிஸ்க்கைச் செருகினேன். படங்கள் வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா, வேண்டாமா? எனக்கு 'வேண்டாம்' என்றுதான் தோன்றியது. ஆனால் பின்னால் நின்ற உங்கள் அக்கா, "விஜயதசமியும் அதுவுமா மொத வார்த்தையே வேணாம்னு சொல்வாங்களா? ஆமான்னு அமுக்குங்க," என்றாள். என் விரல் பாதி தூரம் போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நல்ல வேளையாக செம்பவாங்கில் இருக்கும் மகன் ஜனகனுக்கு ஒரு போன் போட்டேன். "ஐயோ அப்பா! யெஸ் அமுக்கிடாதீங்க லா! எல்லாம் போயிடும்! நோ, நோ அமுக்குங்க!" என்று அவன் போட்ட சத்தம் பூசை அறை வரை கேட்டது. நல்ல நாளில் வீட்டில் இத்தனை 'நோ' கேட்டதற்காக உங்கள் அக்கா இன்னொரு முறை கற்பூரம் ஏற்றினாள்.

ஜனகன் சொன்னது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. கோப்புகள் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன, எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணைதான் குழம்பிக் கிடக்கிறது, அதைச் சோதித்துச் சரிசெய்ய மடிக்கணினியிலேயே ஒரு வழி இருக்கிறது. "ஆனா ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி டிஸ்க்க அப்படியே இன்னொண்ணுல காப்பி எடுத்து வெச்சிடுங்கப்பா. ரிப்பேர்ல ஏதாச்சும் ஆச்சுன்னா அதுதான் காப்பாத்தும். ஓடும்போது நடுவுல நிறுத்தவே கூடாது, நகத்தவும் கூடாது." அப்படியே புது டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்துவிட்டுச் சோதனையை ஓடவிட்டேன். மடிக்கணினி இன்னும் சுவாமி மேடையில்தான் இருந்தது. பதினோரு சதவீதம் வரை விறுவிறுவென்று போய் அங்கேயே நின்றுவிட்டது. சாயங்காலமும் பதினொன்று. நகர்த்தக் கூடாது என்பதால் உங்கள் அக்கா அன்று பதினோரு சதவீதத்துக்குத்தான் தீபம் காட்டினாள்.

ஒருவழியாக முடிந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை, ஆனால் எதற்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டு போனேன். நிச்சயதாம்பூலம் கிடைத்தது, ஊஞ்சல் கிடைத்தது, உங்கள் சம்பந்தி மூன்றாவது தடவையாக வடை கேட்பது தெளிவாகக் கிடைத்தது. கடைசியில் தாலி கட்டும் வீடியோவையும் திறந்தேன்.

மச்சான், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒலி பழுதில்லாமல் இருக்கிறது. மந்திரம், கெட்டிமேளம், அட்சதை போடச் சொல்லும் கூச்சல், எல்லாம் கேட்கிறது. படம்தான் இல்லை. திரை முழுவதும் சந்தன நிறத்தில் ஒரே பரப்பு, நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அந்தப் பரப்பு விட்டுவிட்டு நடுங்குகிறது. உங்கள் அக்கா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சந்தனம் உள்ள எறங்கிடுச்சு," என்றாள். படித்த மனுஷி இப்படிப் பேசலாமா என்று கேட்டுவிட்டு, மறுபடி சோதனையை ஓடவிட்டேன். நடுக்கம் போகவில்லை. மூன்றாவது முறை, பழுது பார்க்காமல் வைத்திருந்த பிரதியிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். அதிலும் அதே சந்தனம். "பாத்தீங்களா, அதுக்கும் ஒட்டிக்கிச்சு," என்றாள். எனக்கும் வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம், மச்சான். நீங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைத்தான் நான் தொலைத்துவிட்டேன். பரிகாரமாக, தம்பதியை உட்கார வைத்து இன்னொரு முறை கட்டிப் படம் எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன். அதற்கென்று அறுபதாம் கல்யாணம் இருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்றார். மாப்பிள்ளைக்கு இப்போது முப்பத்தொன்று. எனவே விருந்தில் முகூர்த்தத்தை ஒலியாக மட்டும் போட்டு, திரையில் அம்பாள் படத்தைக் காட்டலாம் என்று இருக்கிறேன். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

லக்ஷனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடவும் என்று அக்கா எழுதச் சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படிக்குமுன் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அத்தான்
க. விஸ்வலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் லக்ஷனா போன் செய்தாள். அவளிடம் மறைக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. "மாமா, டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகல. அது அப்பாவோட முதுகு! அன்னிக்கு சந்தனக் கலர் சில்க் ஷர்ட் போட்டிருந்தாரே? தாலி கட்டுறப்ப நேரா கேமரா முன்னாடி வந்து நின்னுட்டாரு. அழுதுகிட்டு நின்னாரா, நகருங்கன்னு சொல்ல கேமராமேனுக்கே மனசு வரல. முதுகு குலுங்கும் பாருங்க." ஒரு பிரதி அவள் கைபேசியிலேயே இருக்கிறதாம். அடிக்கடி போட்டுப் பார்ப்பாளாம். கல்யாண வீடியோவிலேயே அவளுக்கு அதுதான் பிடிக்குமாம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன், எழுதுவதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆக, உங்கள் முதுகை நான் மூன்று முறை பழுது பார்த்திருக்கிறேன். மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விருந்தில் அந்த வீடியோவை ஒரு நொடி வெட்டாமல் முழுவதும் போடுகிறேன், வந்து முன்வரிசையில் உட்காருங்கள். இந்தத் தடவையாவது எழுந்து நிற்காதீர்கள்.