குடி: எப்போதாவது

இணையத்தில் தொழில் தொடங்க விரும்பும் இளையவர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். ஒரு நிறுவனத்தைத் திறந்த அன்றே மூடியவன் என்ற தகுதி மட்டக்களப்பில் எனக்கு மட்டுமே உண்டு என்று அறிகிறேன்.

அது போர்க்காலம். இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது. நான் ஓர் அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெண் இருப்பாள். கிழக்கே எழுவான்கரையில் மாப்பிள்ளை இருப்பான். நடுவில் தண்ணீரும் சோதனைச் சாவடியும். கலியாணத் தரகர்கள் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே களைத்துப்போனார்கள். அவர்களால் கடக்க முடியாததை ஒரு திருமண இணையத்தளம் கடக்கும் என்று எனக்குத் தோன்றியது. (சரியாகத்தான் தோன்றியது. பிழையெல்லாம் அதற்குப் பிறகு.)

முழுநேரமும் இதில் இறங்குவதற்காக, முன்கூட்டியே ஓய்வு கோரும் கடிதத்தை மூன்று பிரதிகளில் தயாரித்தேன். மனைவி புவனம் அதை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்காட மகள் சுபாவுக்கு உங்கட மெசின் ஒரு நல்ல மாப்பிள்ளையக் காட்டட்டும். பிறகு தாறன்."

காத்தான்குடியில் கணினிக் கடை வைத்திருந்த நளீம் தளத்தைச் செய்தார். படிவம் என்னுடையது, நாற்பத்தொரு கட்டங்கள். ஆணின் விடையும் பெண்ணின் விடையும் ஒத்துப்போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி. பன்னிரண்டாம் கட்டம் 'குடி'. எங்கள் பக்கத்தில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது; ஒரே குடிக்காரர்கள் சகோதர முறை, கலியாணம் செய்யக் கூடாது. இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"சேர், குடி ஒத்தாலும் புள்ளிதானா?" என்று நளீம் கேட்டார். (காத்தான்குடி முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு.)

கேள்வி எழுத்தில் வராதபோதும் நான் எழுத்திலேயே பதில் கொடுத்தேன்: 'எக்கட்டத்துக்கும் விதிவிலக்கு இல்லை.' கீழே ஒப்பம், திகதி.

தொடக்க விழா நளீமின் கடையில். புவனத்தின் அக்கா, அதாவது என் மச்சாள், ஆரையம்பதியிலிருந்து சுபாவுடன் வந்திருந்தார். கனடாவிலிருந்த மகனையும் ஏற்கனவே பதிந்திருந்தார். எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். உறவும் முகதாட்சணியமும் அறியாத ஓர் இயந்திரம் யாரைத்தான் தெரிவு செய்யும்?

நளீம் சுபாவின் பெயரைத் தட்டினார். 'பொருத்தம்: தொண்ணூற்றெட்டு வீதம்' என்று வந்தது. பிறகு படம், மேலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கியது. முடி வந்தது. நெற்றி வந்தது.

"நல்ல நெத்தி" என்றார் மச்சாள்.

மூக்கு வந்ததும் அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். வாய் வரும்வரை எல்லாரும் பொறுத்திருந்தோம்.

"மச்சான், இது என்ட மகனெல்லோ."

"அண்ணன்ட உயரம்தான் கொஞ்சம் இடிக்குதாம்" என்றாள் சுபா. "இல்லாட்டி நூற்றுக்கு நூறு."

நளீம் நான் ஒப்பமிட்ட தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே குடிக்காரரை நீக்கும்படி வாய்மொழியாகவே உத்தரவிட்டேன். (என் சேவைக்காலத்தில் முதல் தடவை.) இம்முறை கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு பொறியியலாளர் வந்தார். வெளியூர்க்காரர். பன்னிரண்டாம் கட்டத்தை அவர் தமக்குத் தெரிந்த தமிழில் நிரப்பியிருந்தார். குடி: எப்போதாவது.

"எப்போதாவது குடியா? அது எந்த ஊர்க் குடி?" என்றார் மச்சாள்.

நளீம் மின்விசிறியைப் பார்த்தார். விளங்கியதும் மச்சாள் குடையை எடுத்தார். என் இயந்திரம் கூடப்பிறந்தவனைக் காட்டும், தப்பினால் குடிகாரனைக் காட்டும் என்று அன்று மாலைக்குள் ஆரையம்பதி முழுவதும் தெரிந்துவிட்டது. பதிந்தவர்கள் எல்லாரும் விலகினார்கள். விலகல் படிவத்தை ஒருவரும் நிரப்பவில்லை.

சுபா மட்டும் அந்தப் பொறியியலாளரின் மின்னஞ்சல் முகவரியைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள். 'எப்போதாவது என்றால் எவ்வளவு?' என்று ஒரு வரி எழுதினாளாம். 'வருடத்துக்கு ஒரு பியர். பொய் எழுதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று படிவத்தின் கீழே இருந்ததே' என்று பதில் வந்ததாம். அந்த எச்சரிக்கை என் சொந்த வாக்கியம்.

மச்சாளைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. கலியாண வீட்டில் புவனத்திடம் என் ஓய்வுக் கடிதத்தைக் கேட்டேன்.

"உங்கட மெசின் முதல்ல காட்டினது அண்ணன" என்றாள்.

அறுபது வயதுவரை அலுவலகம் போனேன். ஆலோசனை கேட்டு வரும் இளையவர்களிடம், நளீம்களின் கேள்விக்கு மறுமொழி எழுதுமுன் அதை ஒருமுறை காதில் வாங்குங்கள் என்பேன். அவர்கள் அதைக் குறித்துக்கொள்வதில்லை.

சுபாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கோயில் திருவிழாவில் யாராவது "நீங்க என்ன குடி?" என்று கேட்டால் இரண்டும் ஒரே குரலில் சொல்லும்:

"நாங்க அம்மாட குடி. அப்பாட குடி எப்பவாவதுதான்."