ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!

"ஏங்க, நம்ம பின்னாடி ஒரு கூட்டமே வருது. திரும்பிப் பார்க்காதீங்க," என்றாள் மனைவி.

டிரில் மாஸ்டர் உடனே திரும்பிப் பார்த்தார். கூட்டம்தான். எல்லாம் அவர்கள் வந்த உல்லாசக் கப்பலில் பார்த்த முகங்கள். கழுத்தில் கேமரா தொங்கும் அம்மா, கைகோத்த புதுமணத் தம்பதி, கால் வீங்கிய வங்கி மேனேஜர், இன்னும் சிலர். கடைசியில் ஓலைத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ஒருவர், ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி வந்தார்.

தப்பு மாஸ்டருடையதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற பிறகும், கோணல் வரிசையைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். காலையில் துறைமுக வாசலில் ஆளுக்கொரு பக்கம் சிதறி நின்ற பயணிகளைப் பார்த்ததும், "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டார். நின்றார்கள். அவர் நடந்தார், கைடு என்று நினைத்து அவர்களும் பின்னால் நடந்தார்கள்.

"அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். நாம கலங்கரை விளக்கத்தைப் பார்த்துட்டுத் திரும்பணும். இவங்களையும் இழுத்துக்கிட்டா? நான் கைடு இல்லைன்னு போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

மாஸ்டர் சொன்னார். "நான் கைடு இல்லீங்க. எனக்கும் ஊர் புதுசு."

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

"சார் என்னமா ஜோக் அடிக்கிறாரு!" என்றார் கேமராக்காரம்மா. "போன ஊர்ல வந்த கைடு உம்மணாமூஞ்சி."

உண்மையைச் சொன்னால், மறுபடி மறுக்க மாஸ்டருக்கே மனசு வரவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து, வீட்டில் அவர் பேச்சைக் கேட்டு ஒழுங்காக நின்றவை செருப்புகள் மட்டும்தான். மனைவிக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

நைசாக நழுவிவிடலாம் என்று, பழைய சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் சட்டென்று நுழைந்தார் மாஸ்டர். அது ஒரு வீட்டு முற்றத்தில் போய் முட்டியது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஈரக்கையோடு எழுந்து நின்றாள். அதற்குள் மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது.

"இது எந்தக் காலத்து வீடு சார்?" என்று கேட்டார் மேனேஜர்.

"பழசு."

"எவ்வளவு பழசு?"

"ரொம்பப் பழசு."

மேனேஜர் பயபக்தியோடு தலையாட்டினார். கேமராக்காரம்மா கொடியில் காய்ந்த போர்வையைப் படம் பிடித்தார். வீட்டுக்காரி கொல்லைக் கதவைத் திறந்து, "இப்படிப் போய்த் தொலைங்க!" என்றாள்.

கொல்லைப்பக்கம் போன பிறகுதான், எந்தத் திசையில் வந்தோம் என்பதே மாஸ்டருக்கு மறந்துபோனது. எல்லாச் சந்தும் ஒரே கல், ஒரே பச்சை ஜன்னல்.

"யாரையாவது வழி கேளுங்களேன்," என்று கிசுகிசுத்தாள் மனைவி.

"இவங்க முன்னாடியா? மானம் போயிடும்."

கயிறும் துடுப்பும் விற்கும் கடையொன்றில் நுழைந்தார். கூட்டமும் நுழைந்தது. கைடு வழி கேட்கக் கூடாதே என்று மாஸ்டர் சுற்றி வளைத்து, "இங்கேருந்து கப்பல் நல்லாத் தெரியிற இடம் எது?" என்றார்.

"பின்னாடி படிக்கட்டு. கோட்டை உச்சிக்குப் போகும்," என்றார் கடைக்காரர்.

படிகள் ஏறிக்கொண்டே போயின. மேனேஜர் முனகினார், புதுப்பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நேரமாச்சே, வேகமா ஏறுங்க!" என்றாள் மாஸ்டர் மனைவி.

"மெதுவாவே போகலாம்மா. கப்பல் எங்கேயும் போயிடாது," என்றார் ஓலைத் தொப்பிக்காரர் கீழிருந்து.

"ஏன், உங்க வீட்டுக் கப்பலா?"

அவர் வெட்கத்தோடு சிரித்து ஐஸ்கிரீமை நக்கினார்.

உச்சியில் துருப்பிடித்த பீரங்கிகள். கீழே, செங்குத்துச் சுவருக்கு அப்பால், வெள்ளைவெளேரென்று அவர்கள் கப்பல். கடைக்காரர் சொன்னது சரிதான், நன்றாகத் தெரிந்தது. போகத்தான் வழியில்லை.

கப்பல் சங்கு ஊதியது. சற்றுப் பொறுத்து மறுபடி ஊதியது. மூன்றாவது முறை, காணாமல்போன யாரையோ கூப்பிடுவதுபோல நீளமாக ஊதியது.

"எந்தப் பக்கம் இறங்கணும் சார்?" என்றார் மேனேஜர்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். இத்தனை பேரும் அவரை நம்பி வந்தவர்கள். அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"தெரியாதுங்க. நான் கைடே இல்ல. வெறும் டிரில் மாஸ்டர். என்னை மன்னிச்சுடுங்க."

ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரு காலையிலேயே சொன்னாரு. கைகொட்டிச் சிரிச்சது யாரு? இப்ப அவரைக் குத்தம் சொன்னா ஆச்சா?"

கத்தியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். புதுப்பெண் மட்டும் விசும்பினாள். "கப்பல் நம்மளை விட்டுட்டுப் போயிடுமே!"

ஓலைத் தொப்பிக்காரர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, வரிசை கலையாமல் ஓரமாக முன்னால் வந்தார்.

"அழாதேம்மா, நான் இல்லாம அது எப்படிப் போகும்? நான்தான் கேப்டன், தரையில இறங்கினா எனக்குத் திக்கே தெரியாது, அதான் காலையிலேருந்து மாஸ்டரை நம்பிப் பின்னாடியே வர்றேன்."