அட்டொன்ஸ் வைத்த கைநாட்டு

இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகளில் அந்தக் காலத்தில் அட்டொன்ஸைவிட அழகாக ஆங்கிலம் எழுதியவர் கிடையாது. அவரைவிடப் பயங்கரமாக ஆங்கிலம் பேசியவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்புவதற்கு எனக்கே ஒரு வருடம் பிடித்தது.

அவர் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரர். நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புதுக் காற்சட்டையும் கையில் கடிதக் கட்டுமாகப் பங்களா ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். ரோஜாச் செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் இடித்தது.

"யூ! கம் ஹியர்! அட் ஒன்ஸ்!"

கட்டு கீழே விழுந்தது. துரைதான் என்று நினைத்து ஓடினேன். அங்கே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு ஒல்லியாக ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க. புதுசா வந்திருக்கீங்களே, நாலு வார்த்தை பேசலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் ஒதுங்கியதே இல்லை. விறாந்தைக்குக் கீழே வேலிச் செடி வெட்டிக்கொண்டே துரையின் வாயைக் கேட்டுக் கேட்டுக் கற்ற பேச்சு அது. அந்தத் துரை மனிதர்களிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அதட்டல். ஒவ்வொன்றும் 'அட் ஒன்ஸ்' என்றுதான் முடியும். ஆகவே, ஆங்கிலம் என்றால் அதட்டிப் பேசுகிற பாஷை என்று நம்மவர் முடிவு கட்டிவிட்டார். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்கள் அந்தக் கடைசி வார்த்தையையே அவருக்குப் பெயராக வைத்தார்கள்.

துரை அன்பாகப் பேசியது அவருடைய நாயிடம் மட்டும்தான். அட்டொன்ஸ் அதையும் விடாமல் கற்று, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுவதற்கென்று தனியே வைத்திருந்தார். ஒரு நாள் பெரிய கிளாக்கர் பங்களாவுக்கு வந்து நிற்கிறார். அட்டொன்ஸ் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குரலைக் குழைத்து, "குட் பாய்! சிட்! சிட்!" என்றார். பெரிய கிளாக்கர் உட்காரவில்லை. மூன்று மாதம் அவர் முகத்திலும் விழிக்கவில்லை.

"மரியாதையாத்தானேங்க சொன்னேன்?" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். நான் விளக்கிச் சொன்னேன். "அப்ப மனுசங்ககிட்ட மரியாதையாப் பேசுறதுக்குத் துரை என்னாங்க சொல்லுவாரு?" என்று கேட்டார்.

அப்படி ஒன்றை நானும் துரை வாயிலிருந்து கேட்டதில்லை.

எழுத்து வேறு கதை. எழுத்தை அவர் கற்றது பூவிதை உறைகளிலிருந்து. சீமையிலிருந்து துரைக்கு விதை வரும். உறையின் முன்புறம் பூவின் படம், பின்புறம் எப்படி வளர்க்க வேண்டும் என்று நாலு வரி. அகராதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விதைத்துப் பார்ப்பார். வெயிலில் வைத்த பாத்தி கருகி, மரத்தடியில் வைத்தது பூத்ததும், அந்த உறையிலிருந்த ஒரு சொல்லுக்கு 'நிழல்' என்று பொருள் தெரிந்துகொண்டார். தை மாதத்துப் பனியில் எது சாகவில்லையோ அதன் உறையைப் பார்த்து 'தாங்கும்' என்பதற்கான சொல்லைப் பிடித்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் காண அவருக்கு ஒரு பருவம் ஆகும். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொற்களெல்லாம் பறந்துவிட்டன. அவர் கற்ற ஒரு சொல்கூட அவரை விட்டுப் போகவில்லை.

வெறும் உறையை அவர் வீசமாட்டார். அதன் உட்புறத்தில் தேதி போட்டு, அன்றைய சங்கதியை முத்து முத்தாக ஆங்கிலத்தில் எழுதுவார். 'இன்று மழை. பட்டாணிப்பூ முளைத்தது. மீனாட்சிக்குக் காய்ச்சல்.' மீனாட்சி அவர் மனைவி, கொழுந்து பறிப்பவர். இப்படி ஒரு தேயிலைப் பெட்டி நிறைய உறைகள் அவருடைய லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், இருந்தன.

"குப்பை சேக்கிறாருங்க. அடுப்பெரிக்கக் கேட்டாலும் தரமாட்டேங்கிறாரு" என்று மீனாட்சி அக்கா என்னிடம் புகார் சொல்லும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஜனங்களுக்கு ஒரு கேள்வியும் வந்தது. நீ இந்த நாட்டுக்காரன்தானா, நிரூபி. அதற்கொரு பாரம், விண்ணப்பப் படிவம். புருஷன் பெண்சாதிக்கு ஒரே பாரம். தோட்டம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தவன் நான். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, வரிசையில் வருகிற விரலையெல்லாம் பிடித்து மையில் அமுக்கித் தாளில் வைத்துக்கொண்டே இருந்தேன். மீனாட்சி அக்கா விரலை வைத்தது. அடுத்து வந்த கையையும் பிடித்து அமுக்கினேன். அது அட்டொன்ஸின் கை என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து நுவரெலியாவில் விசாரணை. அங்கேதான் என் தலையில் இடி. பங்களா ஆட்களின் பெயர் தோட்டத்துப் பெயர்ப் பதிவில் ஏறாது. பங்களாப் பதிவைக் கரையான் தின்றுவிட்டது. இத்தனை வருடம் அவர் இந்த மலையிலேயே இருந்தார் என்பதற்கு அந்தத் தேயிலைப் பெட்டி ஒன்றுதான் சாட்சி. தலையில் சுமந்துகொண்டு வந்தார். நான் துணைக்குப் போனேன்.

அதிகாரி உறைகளைப் புரட்டினார். பிறகு பாரத்தைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவன் வைத்த கைநாட்டு இங்கே. இங்கிலீஷ்காரன் எழுதியது போன்ற எழுத்து அங்கே. யாரோ கிளாக்கர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பொய்ச் சாட்சி என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். பாரம் தள்ளுபடியானால் அந்த இரண்டு பேரும் கடல் தாண்டி, பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போக வேண்டும். அதற்கு நான் அமுக்கிய ஒரு விரல் காரணம்.

அட்டொன்ஸ் நிமிர்ந்தார். "யூ! கிவ் மீ பேப்பர்! அட் ஒன்ஸ்!"

அதிகாரி தம்மை மறந்து பாதி எழுந்துவிட்டார். எந்த மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டாரோ தெரியாது. காகிதமும் பேனாவும் வந்தன. அட்டொன்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலில் இலை மஞ்சளித்துப்போன ஒரு தொட்டிச் செடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதினார். அதிகாரி அதை வாங்கி உரக்கப் படித்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'இந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகம். வெயில் அதிகம். கவனிப்பு இல்லை. அரை நிழலுக்கு மாற்றவும். உடனே.'

அதிகாரி சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தொட்டியைத் தாமே நகர்த்தி வைத்தார். வந்து உட்கார்ந்து, "அப்படியானால் பாரத்தில் ஏன் கைநாட்டு?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஞாபகம் இல்லீங்க" என்றார் அட்டொன்ஸ்.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. பத்திரம் வாங்கப் போன அன்றும் நான் கூடப் போனேன். சத்தியம் செய்து புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். மீனாட்சி அக்கா விரலை வைத்தது. அதிகாரி தம்முடைய சொந்தப் பேனாவை மூடி கழற்றி அட்டொன்ஸிடம் நீட்டினார். இவர் அதைத் தொடவில்லை. மைப்பெட்டியை இழுத்து, அழகாகக் கட்டைவிரலை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மீனாட்சி அக்கா முன் சீட்டில் கண்ணயர்ந்திருந்தது.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணுனீங்க? அந்தக் கைநாட்டாலதானே அன்னைக்கு எல்லாம் போகப் பாத்துச்சு?"

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஒரே தாளுங்க. அவ வெரலுக்குப் பக்கத்துல நான் எழுத்துப் போட்டேன்னா, அவ சின்னவளாப் போயிருவா. மொத பாரத்துக்கும் அதுக்காகத்தான் கையைக் குடுத்தேன். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலீங்க."

விசாரணை நாளிலிருந்து நான் சுமந்த குற்றவுணர்வு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அக்காவுக்கு நீங்களே எழுதச் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"குடுக்காம இருப்பேனா? எனக்குத் தெரிஞ்சது துரை அதட்டுன இங்கிலீசுதானேங்க. ரெண்டாம் நாளே வெளக்குமாத்தைத் தூக்கிட்டா."

சில வருடங்கள் கழித்து எனக்கு ஹட்டன் பக்கம் மாற்றலானது. கிளம்புகிற அன்று அட்டொன்ஸ் ஒரு விதை உறையைக் கையில் திணித்தார். எல்லோரைப் பற்றியும் அவர் உறைகளில் செடிக் குறிப்புப் போலவே எழுதி வைப்பார் என்று தெரியும். என்னைப் பற்றிக் கேட்க எனக்குப் பயம். பஸ் புறப்பட்ட பிறகுதான் பிரித்தேன். 'முளைக்க நேரமாகும். பிடுங்கி எறிய வேண்டாம். நல்ல இனம்.'

இன்றும் அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேறு எந்தப் பத்திரத்தையும் நான் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.