பாறை விரிசலும் பட்டுப்புடவையும்

“…கல்லு விரிசல்ல இன்னா ஓடுதுன்னு பாக்கறதுக்கு இன்னாத்துக்குங்க இன்னும் ரெண்டு வருசம்? கல்லு எங்கியும் போயிடாது. படிச்ச வரைக்கும் போதும்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க.”

வந்தவாசியிலிருந்து ஆரணிக்கு என் தங்கை சுமதியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா இப்படிச் சொன்னபோது, நான் பேசாமல் பஜ்ஜியைத் தின்றிருக்கலாம். (என் வாய் சும்மா இருந்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.)

ஆராய்ச்சியை முடிக்கவிடும் வீட்டுக்குத்தான் போவேன் என்று சுமதி முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையையோ அவளுக்குப் பிடித்துவிட்டது. குனிந்த தலை அடிக்கடி நிமிர்ந்ததை நானே பார்த்தேன். எல்லாம் அந்த அம்மாவின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பத்தாவதோடு பவர்லூம் ஓட்டப் போனவன். ஆனால் சுமதி போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பாதி ஆராய்ச்சி நம்முடையது என்றொரு நினைப்பு. “நான் விளக்கறேங்கம்மா” என்று எழுந்தேன். சுமதி கண்ணாலேயே ‘உட்காரு’ என்றாள். நான் அதை ‘ஜமாய்’ என்று எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சில திரவங்கள் சும்மா விட்டால் கெட்டியாகக் கிடக்கும். நெருக்கித் தள்ளினால் இளகி ஓடும். அப்படி ஒன்று பாறை வெடிப்புக்குள் போனால் எவ்வளவு வேகத்தில் ஓடும், எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது சுமதியின் வேலை. கணக்கைச் சரிபார்க்க, இரண்டு கண்ணாடித் தகடுகளை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டி, ஒரு பொய் விரிசல் செய்து வீட்டில் வைத்திருந்தாள். ஒரு முனையில் சிரிஞ்ச், மறுமுனை திறப்பு.

உள்ளே விடும் திரவம் காலேஜில் இருந்தது. அதனாலென்ன, நெசவுக்கார வீட்டில் கஞ்சிக்கா பஞ்சம்? காலையில் அப்பா தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் போட்ட கஞ்சி, சட்டியில் மிச்சமிருந்தது. அதற்கும் அதே குணம்தானே! (வடிகட்டும்படி யாரும் சொல்லவில்லை.)

சிரிஞ்சில் கஞ்சியை நிரப்பிப் பொருத்தி, டீப்பாயில் கண்ணாடியை வைத்தேன். திறந்த முனை அந்த அம்மா பக்கம். அவர்களுக்குத்தானே தெரிய வேண்டும்? அழுத்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். கஞ்சியும் பாறையாகவே இருந்தது.

“ண்ணா, வேணாம். ரெண்டு பங்கு அழுத்துனா ரெண்டு பங்கோட நிக்காது…”

அவள் முடிப்பதற்குள் உடம்பின் பலத்தையெல்லாம் கட்டைவிரலில் இறக்கினேன். கணக்குப்படி எவ்வளவு வரவேண்டுமோ, எனக்குத் தெரியாது. வந்தது அத்தனையும்.

மயில்கழுத்து நிறப் பட்டு, தோளிலிருந்து மடிவரை வெள்ளை. பட்டுக்குக் கஞ்சி போடுவது ஆரணிக்காரன் தொழில்தான். ஆனால் தறிக்குப் போகும் முன் போடுவோம். ஆள் கட்டிக்கொண்ட பிறகு போடுவதில்லை.

அப்பா சுவர் காலண்டரை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த அம்மா என்னை விட்டுவிட்டுச் சுமதியைப் பார்த்தார். “அது இன்னாத்துக்கும்மா அப்பிடிப் பாஞ்சிச்சி?”

சுமதி வெட்கத்தை மறந்து முன்னால் வந்தாள். ஒரு பருக்கை வழியை அடைத்திருந்தது, அழுத்த அழுத்தக் கஞ்சி இளகியது, பருக்கை விலகியதும் மொத்தமும் பாய்ந்தது என்று புட்டுப் புட்டு வைத்தாள். “எப்ப, எவ்ளோ பாயும்னு முன்னாடியே சொல்றதுதாங்க என் வேலை.”

அந்த அம்மா தன் மடியைப் பார்த்தார். “அப்ப முடிச்சிடும்மா. உங்க அண்ணன் மாதிரி ஆளுங்க வெளிய சுத்திகினு இருக்காங்க.”

அந்த ஒரு வரியில் கல்யாணம் முடிவானது. இன்றைக்கும் வந்தவாசியில் விருந்தென்றால் சாம்பார் வாளி என் கைக்கு வராது. “மாமா பரிமாறினா குடை வேணும்” என்கிறாள் சுமதியின் மகள், அன்றைக்குப் பிறந்தே இராதவள்.

ஆனால் அன்றைக்குப் பேச்சோடு விடவில்லை சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் சிரிஞ்சைக் கழற்றி, சட்டியிலிருந்து நிதானமாகக் கஞ்சியை உறிஞ்சினார். மறுபடி பொருத்தி, கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். மெதுவாக அழுத்தினார், முனையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சுமதியிடம் ‘புரிகிறது’ என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு என் புது வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினார்.