‘தூங்கு’ என்ற வரி

மணி ஒன்று. கைப்பேசியில் கணவரின் வழக்கமான செய்தி: "சாப்பிட்டியா?"

கிழிந்த அகராதி ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த நூலகத்தம்மா, திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தபடியே "ஆச்சு" என்று பதில் தட்டினாள். பொய்தான். மூன்று மணிக்கு, கணவர் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றார்கள்.

அச்சகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்த்தவர் அவர். நேரம் தவறாததால் அங்கே அவருக்குப் பெயர் ‘கடிகாரம்’.

மறுநாளிலிருந்து, வேலை நாள் தவறாமல், மதியம் ஒரு மணிக்கு அச்சகத்து மெஷின்காரர் கூப்பிட்டார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சுப்பா."

"ரொம்ப நன்றிம்மா!" அவசரமாக வைத்துவிடுவார். அவள் சாப்பிட்டதற்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான்.

பதினாறாம் நாள் மாலை, சட்டம் போட்டு மாட்ட அவருடைய நல்ல படம் ஒன்று தேடி, அவர் போனதிலிருந்து அணைந்தே கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்தவள் அணைக்க மறந்தாள். மறுநாள் காலை ஆறரைக்கு அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் போனில் அலறினாள்.

"அண்ணி! அண்ணன் செய்தி அனுப்பியிருக்கு!"

"யாரோட அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன்? ‘முட்டி வலி எப்படி இருக்கு? படி ஏறாதே’ன்னு வந்திருக்கு. பாதிப் படியில நின்னு படிச்சேன். அங்கேயே உக்காந்துட்டேன். இன்னும் எந்திரிக்கல!"

அடுத்து அச்சக முதலாளி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அம்மா... ‘இன்னைக்கும் சரியான நேரத்துக்கு வந்துருவேன்’னு அனுப்பியிருக்காரு. அவர் வர்ற எட்டே முக்காலாச்சுன்னா என்னம்மா பண்றது? அவர் நாற்காலியைத் துடைச்சுப் போடச் சொல்லிட்டேன்."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய நோட்டுப் புத்தகம். புதியவர்களுக்குச் சொல்லித்தர அவர் எழுதி வைத்த பாடம்.

"ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால், அதுதான் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்து, சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும்."

ஸ்கிரிப்ட் அங்கேயே இருந்தது, கம்ப்யூட்டரைத் திறந்ததுமே தானாக ஓடும்படி. தினமும் காலை ஆறரைக்கு ஒரு பட்டியலில் இருக்கும் ஆட்களுக்கு, வரிசையாகச் செய்தி போகும். நாலு வருஷமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் தனக்கு வந்த அந்த ஒரு மணிச் செய்தி?

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, பட்டியலிலிருந்து நாத்தனார் பெயரை மட்டும் அழித்தாள். பாவம், முட்டிவலிக்காரி.

ஆட்களின் பெயர்கள் ஒரு கோப்பில், செய்திகள் இன்னொரு கோப்பில் என்பது அவளுக்குத் தெரியாது. முதல் பெயருக்கு முதல் செய்தி, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் செய்தி. ஒரு பெயர் போனதும் எல்லோரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். மறுநாள் காலை முட்டிவலி விசாரிப்பு கணவரின் பெரியப்பாவுக்குப் போயிற்று. பெரியப்பாவுக்குப் போகவேண்டியது முதலாளிக்கு.

"‘பல்செட்டை மறக்காம மாட்டிக்குங்க’ன்னு வந்திருக்கும்மா!" முதலாளி கிசுகிசுத்தார். "எனக்குப் பல்செட்டுன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. மேல போனா எல்லாம் தெரிஞ்சிருமா?"

முதலாளிக்குப் போகவேண்டியது அவள் தம்பிக்குப் போயிற்று. கரப்பான் பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவன் அவன்.

"அக்கா! மாமா ‘இன்னைக்கும் சரியான நேரத்துக்கு வந்துருவேன்’னு சொல்றாரு! இன்னைக்கும்னா? நேத்து வந்தாரா? நான் பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

நூலகத்தம்மா மறுபடி நோட்டைப் புரட்டினாள். மதியம் பன்னிரண்டரை வரை படித்தாள். "லூப்: நிறுத்தச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்யும்." ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு வரி: மறுநாள் காலை ஆறரை வரை தூங்கு. ஆக, நேரம் சொல்வது இந்த வரிதான். நேரமே இல்லாவிட்டால் எப்படி அனுப்பும்? அந்த வரியை எடுத்துவிட்டு, ஸ்கிரிப்டைத் திரும்ப ஓடவிட்டாள்.

தூங்கு என்று சொல்ல ஆளில்லாத ஸ்கிரிப்ட் தூங்கவே இல்லை. நொடிக்கு ஒரு சுற்று. பத்து நிமிஷத்தில் பெரியப்பாவின் முட்டியை அறுநூறு தடவை விசாரித்தது. கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேசையிலிருந்து தானே இறங்கிவிட்டது என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். தம்பி பாத்ரூம் ஜன்னல் வழியாக வெளியேறப் பார்த்து, பாதியில் நின்றான்.

நாத்தனார் நேரிலேயே வந்து சேர்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் அனுப்புது, எனக்கு மட்டும் ஒன்னுகூட இல்ல! கூடப்பிறந்தவ நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"உன் பேரை நான்தான் எடுத்தேன். இது உங்க அண்ணன் இல்ல, மெஷின். இத்தனை வருஷமும் மெஷின்தான்."

நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு வந்தது?"

அதைத்தான் இரண்டு நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருந்தாள். பட்டியலில் தன் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டாள். ஆனால் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இன்னொரு பட்டியல் இல்லை என்று யார் கண்டது? பதினோரு வருஷத்துச் "சாப்பிட்டியா?" அவள் கண்முன் வரிசையாக ஓடியது. எல்லாம் ஒரே எழுத்து, ஒரே நிமிஷம்.

போன் அடித்தது. மெஷின்காரர்.

"அம்மா, சாப்..."

"முதல்ல இதை எப்படி நிறுத்துறதுன்னு சொல்லுப்பா!"

"கீபோர்டுல கன்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டு, ‘சி’ எழுத்தைத் தட்டுங்க."

அமுக்கினாள். திரை நின்றது. வீடே நின்ற மாதிரி இருந்தது.

"உண்மையைச் சொல்லுப்பா. ஒரு மணிக்கு எனக்கு வருமே, அதுவும் ஸ்கிரிப்டா?"

"ஸ்கிரிப்ட்தாம்மா."

போனில் காதை ஒட்டியிருந்த நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அது உங்களுக்கு எதுவும் அனுப்பாது. ஒரு மணியானா அவர் ஸ்கிரீனைப் பூட்டிரும். ‘அவ சாப்பிட்டாளா?’ன்னு அவரைத்தான் கேக்கும். அவர் போனை எடுத்து, தன் கையால உங்களைக் கேட்டு, நீங்க சொன்னதைத் தட்டணும். வேலையில மறந்துருவேனோன்னு தனக்குத்தானே போட்டுக்கிட்ட பூட்டு. நாங்களும் நேரத்துக்குச் சாப்பிடட்டும்னு அச்சகம் பூராவுக்கும் போட்டு வச்சுட்டாரு. எடுக்கத் தெரிஞ்சவரும் அவர் ஒருத்தர்தான். உங்களைக் கேக்காம சும்மா தட்ட எங்களுக்கு மனசு வரல."

அடுப்பு மேடையில் அவளுடைய சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே இருந்தது.

"சொல்லுங்கம்மா, மணி ஒன்னேகாலாச்சு. ‘ஆச்சு’ன்னு தட்டினாத்தான் பன்னெண்டு ஸ்கிரீனும் திறக்கும்."