கரடிக்குட்டிப் படத்தில் நமக்குக் காட்டாத காட்சி

தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று கண்டுபிடித்த மனிதனைப்போல ஆபத்தானவன் ஊரில் கிடையாது. அவனுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, மனைவி சொல்வது காதில் விழாது. (அது அதற்கு முன்பும் விழுந்ததில்லை என்பாள் ஸ்டெல்லா.) ஒரு டிசம்பர் முழுக்க நான் அப்படித்தான் அலைந்தேன். காரணம், ஒரு கரடிக்குட்டி.

வல்லம் வடகாலில், கார்க் கதவுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மாஸ்டர் பீஸ் என்று ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். லைனில் வருவதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முடியளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்பு டேக் ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். ஏன் வித்தியாசம் என்று யோசிக்க வேறு ஆள் இருக்கிறார்.

எங்கள் ஜப்பான் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, அவர் பிள்ளைகள் பார்த்த படங்களை ஒரு பெட்டி நிறைய என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று, என் மகள் ஜெனி தமிழில் தேயத் தேயப் பார்த்த அதே கார்ட்டூன். கதை இதுதான்: பனிக்காட்டில் ஒரு கரடிக்குட்டி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்காகக் காத்திருந்து தூங்கிப்போகும். விடிந்து பார்த்தால் தலைமாட்டில் பரிசு இருக்கும்.

அந்த ஜப்பான் சிடியைப் போட்டால், எங்கள் வீட்டு பிளேயர் "இந்தப் பகுதியில் இயங்காது" என்று எழுதிக் காட்டியது. (ஒரு கரடிக்குட்டிக்கு ஊர்க்கட்டுப்பாடு!) எனக்குச் சுருக்கென்றது. எதைப் போட்டாலும் ஓட்டும் பிளேயர் ஒன்று மச்சான் அருளிடம் இருந்தது. வாங்கி வந்து இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன்.

அநியாயம்! தமிழ் சிடியில் குட்டிக்குக் காது பாதிதான் இருந்தது. மீதியைப் படத்தின் மேல் ஓரம் தின்றுவிட்டது. பனி வெள்ளையாக இல்லை, பாசி பிடித்த தொட்டிபோல இருந்தது. வாத்துகள் பாடும் பாட்டில் ஒரு சரணமே காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டி தூங்குவதற்கும் விழிப்பதற்கும் நடுவே ஒரு முழுக் காட்சியை வெட்டி எறிந்திருந்தார்கள். அட்டையில் மட்டும் மினுமினு எழுத்தில் "முழுநீளப் படம்"!

அருள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"இன்னா மாமா இது? ஒரே படத்த ரெண்டு டிவில வெச்சு பாத்துகினு கீற?"

"ஒரே படம் இல்லடா. நம்ம புள்ளைங்கன்னா பாதி காது போதும்னு நெனச்சிட்டான்."

"கரடிக்குக் காது கொறஞ்சா உனுக்கு இன்னா போச்சு? அக்கா சோறு வெச்சிட்டு கத்திகினு கீது, போய்த் துன்னு."

நான் தின்னவில்லை. கம்பெனியிலிருந்து பையில் ஒட்டிக்கொண்டு வந்த சிவப்பு டேக் ஒன்றைத் தமிழ் சிடி அட்டையில் ஒட்டினேன்.

அந்த வருடம்தான் மண்ணூர் சர்ச்சில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் ஸ்டெல்லாவின் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். அவள் நடத்தும் முதல் கிறிஸ்துமஸ் விழா. முதலில் கரடிக்குட்டிப் படம். படம் முடிந்ததும் அருள் தாத்தா வேஷத்தில் பரிசு மூட்டையோடு உள்ளே வர வேண்டும். முன்பு வகுப்பு நடத்திய டீச்சரம்மா பின்வரிசையில், குறை எங்கே என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சொதப்பினால் வகுப்பு அவர்களிடமே திரும்பிப் போகும்.

"ஏங்க, தமிழ்ல இருக்கறத அப்படியே போடுங்க. போட்டுட்டு வந்து உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் ஸ்டெல்லா. தலையாட்டினேன். திரைக்குப் பக்கத்தில் இருந்தது அருளின் பிளேயர். ஜப்பான் சிடி என் சட்டைக்குள் இருந்தது.

படம் ஓடியது. குட்டி தூங்கியது. அந்த வெட்டு வந்ததும் என் ரத்தம் கொதித்தது. படத்தை நிறுத்தி மைக்கைப் பிடித்தேன்.

"புள்ளைங்களா! இத்தன வருஷமா உங்கள ஏமாத்திட்டு வந்திருக்காங்க! இப்ப உண்மையப் பாருங்க!"

ஸ்டெல்லா எழுந்து வருவதற்குள் சிடியை மாற்றிவிட்டேன்.

திரையில் அப்பா கரடி பூனைபோல நடந்து வந்தது. பெட்டியிலிருந்து சிவப்புக் கோட்டை எடுத்து மாட்டியது. பஞ்சுத் தாடியைப் பசை தடவி ஒட்டியது. பரிசைத் தலைமாட்டில் வைத்தது. தாத்தாவுக்காகக் குட்டி எடுத்து வைத்திருந்த கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, தாடியைத் துடைத்தது.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்தவன். ஆனால் பார்த்ததெல்லாம் கோட்டின் சிவப்பு சரியா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். கோட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது மண்டையில் ஏறவே இல்லை. வெட்டினவன் ஏன் வெட்டினான் என்பது, அத்தனை பிள்ளைகளும் ஒரேயடியாகத் திரும்பித் தங்கள் அப்பாக்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

என் ஜெனி கேட்டாள், சர்ச்சுக்கே கேட்கும் குரலில்: "அப்பா... அப்ப என் சைக்கிள்?"

பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினேன். வெளியே காத்திருந்த அருள், படம் முடிந்துவிட்டது என்று நினைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு "ஹோ! ஹோ! ஹோ!" என்று மணியடித்தபடி வந்துவிட்டான்.

பிள்ளைகள் தாடியைப் பார்த்தார்கள், பிறகு காலைப் பார்த்தார்கள்.

"டேய், அது அருள் அண்ணன்டா! செருப்பப் பாரு!"

"தாடி ஒட்டினு கீது, புடிச்சி இழுறா!"

இழுத்தார்கள். திரையில் பார்த்துவிட்டாளாம், எந்தப் பக்கம் இழுத்தால் வரும் என்று என் மகள்தான் வழி சொன்னாள். "மாமா, இன்னா பண்ணி வெச்ச?" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு அருள் அலறினான். சின்னவர்கள் தாத்தா செத்துப்போனதுபோல ஓவென்று அழுதார்கள். பெரியவர்கள் மூட்டையை அவிழ்த்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். டீச்சரம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் பஸ் பிடிக்கப் போனால், நிறுத்தத்தில் அப்பாக்கள் காத்திருந்தார்கள். "தாத்தா குடுக்கல, தாத்தா குடுக்கலன்னே இத்தினி வருஷம் சமாளிச்சேன். இப்ப எம் புள்ள நேரா என் சட்டையப் புடிச்சி ரிமோட் காரு எங்கன்றான். உன்ன இன்னா பண்ணலாம், சொல்லு?" என்றார் ஒருவர்.

ஸ்டெல்லா வகுப்பை இழக்கவில்லை. இவ்வளவு நல்ல விழா இதுவரை வந்ததில்லை என்று பெரிய பிள்ளைகள் சத்தியம் செய்தார்களாம். ஆனால் இன்றுவரை விழாவில் எனக்கு நாற்காலி தூக்கும் வேலை மட்டும்தான். மைக் இருக்கும் பக்கம் போனால் ஜெனியே கையைப் பிடித்து இழுத்து வருகிறாள்.

என் கோபம் மட்டும் தீரவில்லை. அப்பா கரடிக் காட்சியை வெட்டினது சரி. அந்தக் காதையும் பாட்டையும் ஏன் வெட்ட வேண்டும்? இதைக் குடும்பத்தில் யாரிடமும் பேச முடிவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும், அருள் எதிர்வரிசையிலிருந்து தாடையைத் தடவிக்கொண்டே குரல் கொடுப்பான்:

"மாமா, தமிழ் சிடில கீற வரைக்கும் சொல்லு, போதும்."